கார்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன்: செட்டிநாட்டு நிலக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தரிசாகக் கிடக்கும் உங்கள் புஞ்சையில் மரம் நட்டுத் தருகிறோம், செலவு எங்களுடையது, கார்பன் கிரெடிட் விற்றால் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்களைத் தேடி வரலாம். நிலம் பள்ளத்தூர்ப் பக்கமோ கல்லல் பக்கமோ இருக்கும். நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பீர்கள். அல்லது ஊரிலேயே இருந்து கண்மாய்த் தண்ணீரில் நெல் போடுகிறவராக இருப்பீர்கள். அப்போது பேச்சு மரத்தைப் பற்றி இருக்காது, வயலுக்குத் தண்ணீர் விடும் முறையைப் பற்றி இருக்கும். இரண்டிலும் நீட்டப்படும் தாள் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் கையெழுத்துப் போடலாமா, அதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்பன் சந்தை முழுக்க ஏமாற்று என்று தள்ளுவதும் தவறு, உட்கார்ந்த இடத்தில் பணம் வரும் என்று நம்புவதும் தவறு. மரமோ, சோலாரோ, பாசன முறையோ, கார்பன் பணம் ஒரு ரூபாய்கூட வராமல் போனாலும் உங்கள் நிலத்துக்கும் ஊருக்கும் நன்மை தருவதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். கார்பன் பணத்தை மேல்வரும்படியாக மட்டும் வையுங்கள்.

படி 1: டன் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள்

ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கான சான்று. அந்த ஒரு டன் காற்றில் சேராமல் தடுக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றிலிருந்து எடுத்து மரத்திலோ மண்ணிலோ சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு முதலிய மற்றப் பசுமை இல்ல வாயுக்களையும், அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்களையும், இதே அளவுக்கு மாற்றிவிடுவார்கள். நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 265 டன்னுக்குச் சமம்.

மரத்துக்கு வருவோம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 47 சதவீதம் கார்பன். அந்தக் கார்பன் எடையை 3.67ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு எடை வரும். அப்படியானால் ஒரு கிரெடிட்டுக்கு வேர், தண்டு, கிளை எல்லாம் சேர்ந்து சுமார் 580 கிலோ உலர் எடை புதிதாக வளர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதிப் பேச்சை அங்கேயே எடைபோட்டுவிடலாம். ஒரு மரத்துக்கு வருஷம் ஒரு கிரெடிட் என்று யாராவது சொன்னால், அந்த மரம் ஒவ்வொரு வருஷமும் 580 கிலோ உலர் எடை ஏற வேண்டும். வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி நிற்கும் நம் சரளை மண்ணில் எந்த மரமும் அப்படி வளராது.

கணக்குப் பழகுவதற்காக இன்னொன்று. ஒரு ஏக்கரில் வருஷம் 3 கிரெடிட் தேறுகிறது, ஒரு கிரெடிட் 10 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த வரவு 30 டாலர், நம் பணத்தில் 2,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதில் திட்டக்காரர் செலவும் லாபமும் கழிந்து உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று யோசியுங்கள். விலையும் வளர்ச்சியும் இதைவிடக் கூடலாம், குறையலாம். ஆனால் ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வரும் என்று சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

படி 2: இந்தச் சந்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வரலாறு எதற்கு என்று கேட்கலாம். முன்பு ஒரு முறை இதே சந்தை எழுந்து விழுந்திருக்கிறது, அதில் இந்தியாவும் இருந்தது, அதனால்தான்.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை நாடுகளின் கையெழுத்துக்கு வந்தது. அதன் கீழ் 1997இல் கியோட்டோ ஒப்பந்தம் எழுதப்பட்டு, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழில்மயமான நாடுகளுக்கு மட்டும் அதில் இலக்கு: 2008 முதல் 2012 வரையிலான காலத்தில் 1990ஆம் ஆண்டு அளவைவிடச் சராசரியாக 5 சதவீதம் பசுமை இல்ல வாயு வெளியேற்றத்தைக் குறைக்க வேண்டும். இந்தியா போன்ற வளரும் நாடுகளுக்கு இலக்கு இல்லை. ஆனால் தூய்மை மேம்பாட்டுச் செயல்முறை என்ற ஒரு வாசல் இருந்தது. இங்கே ஒரு திட்டத்தால் வெளியேற்றம் குறைந்தால், அதற்கான கிரெடிட்டைப் பணக்கார நாட்டு நிறுவனம் வாங்கித் தன் இலக்கில் கழித்துக்கொள்ளலாம். திட்ட எண்ணிக்கையில் சீனா முதலிடம், இந்தியா அடுத்த இடம். நம் தென்மாவட்டக் காற்றாலைகள் பலவும் இப்படிப் பதிவாகி விற்றன.

அப்புறம் இரண்டு சங்கதி நடந்தது. ஒன்று, எச்எஃப்சி-23 விவகாரம். குளிரூட்டி வாயு ஒன்றைத் தயாரிக்கும்போது கழிவாக வரும் இந்த வாயு, கார்பன் டை ஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதை எரித்து அழிக்கச் செலவு குறைவு, கிடைக்கும் கிரெடிட்டோ மலைபோல. அழிப்பதற்காகவே கழிவை அதிகம் உண்டாக்குகிறார்கள் என்ற புகார் எழுந்தது. 2013இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கிரெடிட்டுகளைத் தன் சந்தையில் ஏற்பதை நிறுத்தியது. இரண்டாவது, விலைச் சரிவு. 2008இல் 20 யூரோவைத் தாண்டி விற்ற கிரெடிட், 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே போனது. ஐரோப்பாவில் பொருளாதாரம் மந்தமானது, கிரெடிட் குவிந்தது, புதிதாக வாங்கக் கடமைப்பட்ட நாடுகள் குறைந்தன. அந்த விலையை நம்பித் திட்டம் போட்டவர்கள் தவித்துப்போனார்கள்.

இன்றைக்கு உங்களிடம் ஒருவர் சொல்லும் விலையும் எங்கோ ஒரு மாநாட்டு முடிவையும் எங்கோ ஒரு நாட்டின் சட்டத்தையும் சார்ந்துதான் நிற்கிறது. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

படி 3: ஒரு டன்னை இரண்டு நாடு எழுதக்கூடாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

2015 டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம் வந்ததும் நிலைமை அடியோடு மாறியது. இப்போது எல்லா நாடுகளுக்கும் இலக்கு உண்டு, ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே அறிவிக்கிறது. இந்தியா 2022இல் புதுப்பித்துக் கொடுத்த இலக்குகள் மூன்று: 2005ஆம் ஆண்டை ஒப்பிட்டால் 2030க்குள், நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் வெளியேற்றத்தை 45 சதவீதம் குறைப்பது, மின் நிறுவுதிறனில் 50 சதவீதத்தைப் புதைபடிவம் அல்லாத எரிபொருளுக்கு மாற்றுவது, காடு, மரங்கள் மூலம் 250 கோடி முதல் 300 கோடி டன் வரை கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாகச் சேர்த்துவைப்பது. வெளியேற்றுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாகும் நிகர பூஜ்ஜியத்துக்கான ஆண்டு 2070 என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்தது.

மூன்றாவது இலக்கைக் கவனியுங்கள். உங்கள் புஞ்சையில் வளரும் மரம் அந்தக் கணக்கில் வருகிறது. அதே மரத்தின் கிரெடிட்டை வெளிநாட்டுக்கு விற்று, அந்த நாடும் தன் இலக்கில் கழித்துக்கொண்டால்? ஒரே டன் இரண்டு இடத்தில் வரவாகிவிடும். வட்டிக்கடைப் பேரேடு பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரங்கூன் கடையிலிருந்து பணம் ஊர்க்கடைக்கு வந்தால், இங்கே வரவு எழுதும் அன்றே அங்கே பற்று எழுத வேண்டும். இரண்டு பேரேட்டிலும் அது வரவாகவே நின்றால் ஐந்தொகை பொய். பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு கேட்பதும் இந்தப் பற்றைத்தான். விற்கும் நாடு தன் கணக்கில் அந்த டன்னைக் கூட்டிக்கொள்ள வேண்டும், வாங்கும் நாடு கழித்துக்கொள்ளலாம். இதற்கு ஈடுசெய் திருத்தம் என்று பெயர்.

அப்படித் திருத்தம் செய்ய நாட்டின் அரசு எழுத்தில் அனுமதி தர வேண்டும். கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்யும் காரியம் அல்ல. எந்தெந்த வகைத் திட்டங்களுக்கு இப்படி அனுமதி உண்டு என்று 2023இல் இந்தியா ஒரு பட்டியல் வெளியிட்டது. கடலுக்குள் நிறுத்தும் காற்றாலை, பசுமை ஹைட்ரஜன் போன்ற புதிய, செலவு மிகுந்த தொழில்நுட்பங்களுக்குத்தான் அதில் முக்கிய இடம். ஆகவே, "உங்கள் மரத்தின் கிரெடிட்டை இன்னொரு நாடு தன் இலக்குக்காக வாங்கும், அதனால் விலை அதிகம்" என்று சொன்னால், மத்திய அரசின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வியே பலரை யோசிக்கவைக்கும்.

6ஆவது பிரிவின் விதிகளை எழுதி முடிக்கவே ஒன்பது வருஷம் ஆனது. 2021இல் கிளாஸ்கோவில் அடிப்படை விதிகள், 2024இல் அஜர்பைஜானின் பாகுவில் மீதி. ஐ.நா. மேற்பார்வையில் நடக்கும் புதிய சந்தையில் ஒவ்வொரு முறை கிரெடிட் வழங்கும்போதும் 5 சதவீதம், பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கான தகவமைப்பு நிதிக்குப் போகும். இன்னும் 2 சதவீதம் யாருக்கும் விற்காமல் ரத்து செய்யப்படும். இது நல்ல விதி என்று நினைக்கிறேன். ஒரு விற்பனையால் உலகத்துக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டாமா?

படி 4: எந்தச் சந்தை என்று கேளுங்கள்

கட்டாயச் சந்தை, தன்னார்வச் சந்தை என்று இரண்டு உண்டு. கட்டாயச் சந்தையில் வாங்குகிறவருக்குச் சட்டக் கடமை இருக்கிறது. ஐரோப்பாவில் 2005இலிருந்து நடக்கிறது. இந்தியாவில் 2022இல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தார்கள். எரிசக்தித் திறன் செயலகம் இதை நடத்துகிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வர்த்தகத்தை மேற்பார்வையிடும். 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிப்பு), காகிதம் ஆகிய நான்கு துறை ஆலைகளுக்கு இலக்கு நிர்ணயித்தார்கள். இலக்கைத் தாண்டிக் குறைத்த ஆலை கிரெடிட் பெறும், தவறிய ஆலை வாங்க வேண்டும். கடமை இல்லாதவர்கள் தாமாகத் திட்டம் பதிவு செய்யவும் இதில் ஒரு பிரிவு உண்டு.

உங்கள் வாசலுக்கு வருகிறவர் பெரும்பாலும் தன்னார்வச் சந்தைக்காரராக இருப்பார். ஒரு விமான கம்பெனியோ கணினி கம்பெனியோ தன் பெயருக்காக, தன் வாடிக்கையாளருக்காக வாங்கும் சந்தை அது. அதில் வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு என்ற அமைப்புகளின் தரவிதிகள் அதிகம் பயன்படுகின்றன. அரசின் பசுமைக் கிரெடிட் திட்டம் என்று 2023இல் வந்தது வேறு. அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிப் பேசினால் நிறுத்திக் கேளுங்கள்.

படி 5: உங்கள் கையில் இருப்பதை எடைபோடுங்கள்

கிரெடிட் கிடைக்குமா என்பதற்கு முதல் உரைகல்: இந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தக் காரியம் நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் கிரெடிட் கிடையாது. ஆத்தங்குடி கல்லைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடிமேல் வார்த்து உலர்த்தித் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துகிறார்கள். சுட்ட ஓட்டைவிட எரிபொருள் மிச்சம்தான். ஆனாலும் அதற்குக் கிரெடிட் கேட்க முடியாது, காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். முற்றம் வைத்து, ஏசி இல்லாமலே குளுமையாக நிற்கும் பெரிய வீடுகளுக்கும் கிடையாது. பர்மா தேக்குத் தூண்களில் நூறு வருஷமாகக் கார்பன் அடைந்து கிடக்கிறது, அதற்கும் கிடையாது. நல்லதைப் பழக்கமாக வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்தையில் பரிசு இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த விதியைத் தளர்த்தினால் சந்தையே பொய்யாகிவிடும்.

மேலே நான் சொன்னதற்கும் இதற்கும் முரண் தெரிகிறதல்லவா? கார்பன் பணம் வராவிட்டாலும் நன்மையாக இருந்தால் மட்டும் இறங்குங்கள் என்றேன். அந்தப் பணம் இல்லாமலே நடக்கும் காரியத்துக்குக் கிரெடிட் இல்லை என்கிறது விதி. நன்மை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கைக்காசு போட ஆளில்லை: நமக்கான இடம் அதுதான். பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவான புஞ்சையில் சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்து, உழுது, வேலி போட்டு, மூன்று வருஷம் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற யார் முன்வருவார்? அந்த இடைவெளியைக் கார்பன் பணம் நிரப்பினால் திட்டம் நியாயமானது.

சீமைக்கருவேலத் தரிசில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. நிற்கும் கருவேலத்திலும் கார்பன் இருக்கிறது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக விற்றால் அவ்வளவும் காற்றுக்குத்தான் போகும். புது மரத்தின் வரவில் இதைக் கழித்தாக வேண்டும். ஆகவே அடர்ந்த கருவேலக் காட்டை எடுத்துவிட்டு நடும் திட்டத்தில் முதல் சில வருஷம் கையிருப்பு பள்ளத்தில்தான் இருக்கும். எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டால் பதில் தெளிவாக வர வேண்டும். இயற்கையான புதர்க்காட்டையோ கோயில் காட்டையோ அழித்துவிட்டு நடுவதற்கு இடமே இல்லை. கடந்த பத்து வருஷத்துக்குள் அப்படி அழிக்கப்பட்ட நிலத்தை வெர்ரா விதி ஏற்பதில்லை.

எந்த மரம் என்பதில் உறுதியாக இருங்கள். புதுக்கோட்டைப் பக்கமும் நம் பக்கமும் தைலமரக் காடுகளால் நிலத்தடி நீர் போகிறது என்று விவசாயிகள் நெடுங்காலமாகக் குறை சொல்கிறார்கள். தைலமரம் சில வருஷத்தில் காகித ஆலைக்கு வெட்டப்படும் மரம். அதில் சேர்ந்த கார்பன் நெடுநாள் தங்குவதில்லை. கண்மாய் வரத்துக்கால் ஓடும் மேட்டு நிலத்தில் கார்பனுக்காகத் தைலமரம் நடச் சம்மதிக்காதீர்கள். ஒரு கண்மாய் வறண்டால் அதை நம்பிய ஆயக்கட்டு முழுவதும் போகும், எந்தக் கிரெடிட்டும் அதை ஈடுகட்டாது. வேம்பு, புங்கன், இலுப்பை, புளி, பனை என்று கலந்து நடும் திட்டமா என்று பாருங்கள்.

நெல்லுக்கு வரும் திட்டம் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடும் முறை. வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் சேற்றில் காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். இடையிடையே காயவிட்டால் அது பெருமளவு குறையும். ஆற்றுப் பாசனமோ நல்ல கிணறோ உள்ள இடத்துக்கு இது அருமையான முறை. ஆனால் நம் பகுதியில் பெரும்பாலும் மானாவாரி, கண்மாய் பெருகினால் நெல், இல்லையென்றால் இல்லை. மழையை நம்பிய வயல் ஏற்கெனவே நடுநடுவே காய்கிறது, அதனால் அதன் மீத்தேன் அளவு தொடக்கத்திலேயே குறைவு. குறைப்பதற்கு அதிகம் இல்லாத இடத்தில் அதிகக் கிரெடிட் எப்படி வரும்? தஞ்சாவூர்க் கணக்கை இங்கே கொண்டுவந்து காட்டினால் ஏற்காதீர்கள்.

வீட்டு மாடிச் சோலார்: நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோவாட் பலகை வருஷம் ஏறத்தாழ 1,400 யூனிட் தந்தால் ஒரு டன். மூன்று கிலோவாட் வீட்டுக்கு மூன்று கிரெடிட். பதிவுச் செலவுக்கே பற்றாது. மின்தொகுப்போடு இணைந்த சோலார், காற்றாலைத் திட்டங்களை இந்தியா போன்ற நாடுகளிலிருந்து புதிதாக ஏற்பதை வெர்ரா 2020இலிருந்து நிறுத்திவிட்டது. மின்கட்டணம் குறைகிறது, 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது, அதற்காகப் போடுங்கள். சாண எரிவாயுக் கலன் பல வீடுகளைச் சேர்த்துத் தொகுத்தால் மட்டும் கணக்குக்கு வரும்.

படி 6: நிலத்தின் காகிதத்தைச் சரிசெய்யுங்கள்

செட்டிநாட்டில் திட்டம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பட்டா தாத்தா பேரில் இருக்கும், பாகப்பிரிவினை வாய்மொழியாக இருக்கும், பங்காளிகளில் சிலர் மலேசியாவில், சிலர் பெங்களூரில். கிரெடிட் யாருக்குச் சொந்தம் என்பதை நிலவுரிமையை வைத்துத்தான் தணிக்கையாளர் பார்ப்பார். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்குதாரர்களின் சம்மதமும் வேண்டும்; ஒருவர் போட்ட கையெழுத்தில் திட்டம் தொடங்கிவிட்டு, பின்னால் இன்னொருவர் வழக்குப் போட்டால் நிலமும் முடங்கும், உறவும் முடங்கும்.

பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருஷத்துக்குப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிற பங்காளி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். அந்தப் பத்திரத்தில் கார்பன் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நில விற்பனைக்கான பொது வாசகத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், ஏஜெண்டின் பேருக்குப் பவர் எழுதவே எழுதாதீர்கள்.

உங்கள் எல்லைக்குள் ஓடை, ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கு வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் அது உங்கள் திட்டத்தில் சேராது.

அப்புறம், நீங்கள் ஊரில் இல்லாத இந்த முப்பது வருஷமும் உங்கள் தரிசில் ஆடு மாடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள் இருக்கிறார்கள். பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை, பிழைப்பில் அந்த நிலம் இருக்கிறது. வேலி போட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? ஆடு வேறொரு காட்டுக்குப் போய் அங்கே அழிவு நடந்தால் திட்டக் கணக்கில் அதையும் கழிக்க வேண்டும் என்கின்றன தரவிதிகள். ஊர் மக்களைக் கூட்டிக் கலந்துபேசுவதும் கட்டாயம். விதிக்காக மட்டும் அல்லாமல் நியாயத்துக்காகவும் அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் நேரில் வாருங்கள்.

படி 7: கம்பெனியைப் பதிவேட்டில் தேடுங்கள்

வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு இரண்டின் பதிவேடும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்தே இருக்கின்றன. திட்ட எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். திட்ட ஆவணம், நில வரைபடம், வெளித் தணிக்கையாளரின் அறிக்கை, இதுவரை வழங்கிய கிரெடிட், விற்றுக் கணக்கு முடித்த கிரெடிட் எல்லாம் அதில் தெரியும். திட்டம் பட்டியலில் இருப்பதும் பதிவாகி இருப்பதும் ஒன்றல்ல. பட்டியல் என்பது விண்ணப்பம் மட்டும்.

பதிவானால் போதும் என்றும் இல்லை. சீனாவில் நெல் வயல் மீத்தேன் குறைப்புத் திட்டங்கள் 37ஐ 2024இல் வெர்ரா தானே தள்ளுபடி செய்தது. வெப்பமண்டலக் காடுகளைக் காப்பாற்றியதாக விற்ற கிரெடிட்டுகளில் பெரும்பகுதி மிகைக்கணக்கு என்று 2023 ஜனவரியில் ஐரோப்பியப் பத்திரிகைகள் விசாரித்து எழுதின. வெர்ரா அதை மறுத்தது, ஆனாலும் வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். தரமான, உண்மையான திட்டத்துக்கு நல்ல விலையும், சந்தேகத் திட்டத்துக்கு அடிமாட்டு விலையும் என்று சந்தை பிரிந்துவருகிறது. உங்கள் திட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்பது அளப்பதில் இருக்கும் நேர்மையைப் பொறுத்தது.

படி 8: மாநாட்டுச் செய்தியைப் படிக்கப் பழகுங்கள்

வருஷா வருஷம் பெரும்பாலும் நவம்பரில், ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் கூடும் காப் மாநாடு நடக்கும். 2025இல் பிரேசிலின் பெலெமில் நடந்தது. கிட்டத்தட்ட இருநூறு நாடுகள், வாக்கெடுப்பு கிடையாது, ஒருமித்த சம்மதம் வேண்டும். சம்மதமில்லாத வாசகத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டுவைப்பார்கள். இரண்டு வாரமும் அந்த அடைப்பை எடுப்பதில்தான் போகும். ஒரே ஒரு வரிக்காக விடிய விடிய உட்காருவது இதனால்தான்.

செய்தியைப் படிக்கும்போது, எல்லா நாடுகளும் ஏற்ற முடிவா, சில தலைவர்கள் மேடையில் சொன்ன உறுதிமொழியா என்று முதலில் பிரியுங்கள். பணம் பற்றிய செய்தி என்றால் மானியமா கடனா, யார் தருவது, எந்த ஆண்டுக்குள் என்று பாருங்கள். பாகுவில், வளரும் நாடுகளின் காலநிலைச் செலவுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானது. அது போதாது, எங்களைப் பேசவிடாமலே நிறைவேற்றினீர்கள் என்று இந்தியப் பிரதிநிதி அதே அவையில் எதிர்ப்பைப் பதிவுசெய்தார். 6ஆவது பிரிவு என்ற சொல் வரும் செய்தியை மட்டும் வெட்டி எடுத்துவையுங்கள். உங்கள் ஒப்பந்தத்தின் விலையைத் தொடுவது அதுதான்.

படி 9: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

தமிழில் ஒரு பிரதி கேளுங்கள். தர மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. நீங்கள் முன்பணம் கட்ட வேண்டும் என்றாலும் முடிந்தது.

எத்தனை வருஷம் என்பதைப் பாருங்கள். 20, 30, 40 வருஷம் வரை கட்டிப்போடும் திட்டங்கள் உண்டு; அதற்குள் நிலம் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். வாரிசுகளைக் கட்டுப்படுத்துமா, நிலத்தை விற்கலாமா, வங்கியில் அடமானம் வைக்கலாமா, பட்ட மரத்தை வெட்டலாமா என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பங்கு எவ்வளவு என்பதைவிட எதில் பங்கு என்பது முக்கியம். விற்ற தொகையிலா, செலவு போக மிஞ்சியதிலா? "செலவு போக" என்று இருந்தால் செலவுக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள். கிரெடிட் என்ன விலைக்கு, யாருக்கு விற்றது என்ற ரசீதைப் பார்க்கும் உரிமையும், குறைந்தபட்ச விலையும் எழுதப்பட வேண்டும்.

முதல் பணம் எப்போது வரும்? திட்ட ஆவணம், தணிக்கை, பதிவு, மரம் வளர்ச்சி, அளவெடுப்பு, மறுபடி தணிக்கை என்று முடிந்து கிரெடிட் கைக்கு வரச் சில வருஷம் ஆகும். அடுத்த வருஷமே என்றால் நம்பாதீர்கள்.

தீப்பிடித்தால், புயலில் சாய்ந்தால் யார் பொறுப்பு? தரவிதிகள் இதற்காக ஒவ்வொரு திட்டத்திலிருந்தும் கொஞ்சம் கிரெடிட்டைப் பொதுக் காப்பிருப்பாகப் பிடித்துவைக்கும். இயற்கை இழப்பை அந்த இருப்பில்தான் கழிக்க வேண்டும், உங்கள் தலையில் கட்டக்கூடாது. கம்பெனி கைமாறினால் என்ன ஆகும், இத்தனை வருஷத்துக்குள் கிரெடிட் வராவிட்டால் விலகலாமா, நட்ட மரம் யாருக்கு என்பதும் வேண்டும். வழக்கு வந்தால் நீதிமன்றம் டெல்லியிலோ மும்பையிலோ என்று இருந்தால் சிவகங்கை மாவட்டம் என்று மாற்றச் சொல்லுங்கள். வரியையும் மறக்க வேண்டாம், ஐ.நா. அமைப்பு சரிபார்த்த கிரெடிட் விற்ற வருமானத்துக்கு 2017 நிதிச் சட்டம் 10 சதவீதத் தனி வரியைக் கொண்டுவந்தது, செலவைக் கழிக்க முடியாது. தன்னார்வச் சந்தைப் பணம் எதில் வரும் என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மனம் சரி என்றால், கையெழுத்துக்கு முன் ஒரு வேலை மிச்சம். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலத்தின் மண்ணையும் தண்ணீர் வசதியையும் சொல்லி, கம்பெனிக்காரர் தந்த மரப் பட்டியலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எது பிழைக்கும், எது கருகும் என்று கேட்டு, அந்தப் பட்டியலைத் திருத்தி ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கும்போது கன்று குழியில் இருக்க வேண்டும் என்பதால், பங்காளிகளைக் கூட்டிப் பேசும் வேலையைச் சித்திரையிலேயே தொடங்கிவிடுங்கள்.